தோணிக்கு ஒரு தண்டல் போதும்

தண்டலையா பார்க்க வேண்டும்? கரைக்குப் போயிருக்கிறான். வருவான். அந்த மூட்டைமேல் உட்காரும். அது வேண்டாம், அது முட்டைப் பெட்டி. இந்தப் பக்கம், வெங்காய மூட்டைமேல்.

இன்சூரன்ஸ் ஆபீசா? காகிதத்தை நீரே வைத்துக்கொள்ளும். என் கை ஈரம்.

தண்டல் என்றால் யார் என்று தெரியும்தானே? கப்பலுக்குக் கேப்டன் என்பார்கள். தோணிக்குத் தண்டல். இந்த ஜெபமாலை மாதாவுக்கு முப்பத்தோரு வருஷமாக நான்தான் தண்டல். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தஸ்நேவிஸ் தண்டல் என்று யாரிடமும் கேட்டுப் பாரும். ஆபீஸ் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். பட்டியலை விடும். நடந்ததைச் சொல்கிறேன். இந்த வெங்காயம் நறுக்கி முடிவதற்குள் முடிந்துவிடும். எனக்கு வளவளவென்று பேச வராது.

போன செப்டம்பர். தென்மேற்குக் காற்று ஓய்ந்து தோணிகள் கிளம்புகிற சமயம். நாலு மாதமாகக் கட்டிக் கிடந்த தோணி. அடியில் சிமெண்ட் ஏற்றியாயிற்று, மேலே காய்கறியும் முட்டையும். மாலத்தீவுக்கு மூன்று நாள் ஓட்டம். நானும் கொரைரா முதலாளியும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போனோம், பணியாளர் பட்டியல் கொடுக்க. தோணி கொரைராவுடையது. வாயைத் திறந்தால் கணக்கு. மற்றபடி நல்ல மனுஷன்.

சட்டம் தெரியுமோ உமக்கு? தோணி கரையை விட வேண்டுமானால் சான்றிதழ் உள்ள தண்டல் ஒருவர், சான்றிதழ் உள்ள இஞ்சின் டிரைவர் ஒருவர், மிச்சம் மாலுமிகள். எங்கள் தோணிக்கு மொத்தம் எட்டுப் பேர். எட்டு ஏழானால் முத்திரை விழாது. தண்டல் இல்லாமல் எண்பது பேரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் விழாது.

கவுண்டரில் ஒரு பெண். சின்ன முகம், பெரிய கண்ணாடி. என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இது மே மாசத்தோட முடிஞ்சிருச்சே."

"என்ன முடிஞ்சுது?"

"சான்றிதழ். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்."

"கடலைப் புதுப்பிச்சாச்சா?" என்றேன்.

சிரிக்கவில்லை. "கண் பரிசோதனை, நாலு நாள் பயிற்சி, அப்புறம் வாய்மொழித் தேர்வு. அடுத்த பயிற்சி நவம்பர்ல. உங்களுக்குத் தபால் போட்டோமே."

போட்டார்கள். மூன்று தபால் வந்தது. முப்பத்தோரு வருஷம் சுக்கான் பிடித்தவனிடம் கண் தெரிகிறதா என்று கேட்டால் என்ன பதில் போடுவது? பிலோமி, என் பெண்டாட்டி, அதை என் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைப்பாள். நான் அதன்மேல் துண்டைப் போடுவேன். அப்படியே மே மாதம் போய்விட்டது.

முதலாளி முகம் கறுத்தது. "முட்டை பொறுக்காது தஸ்நேவிஸ். வேற தண்டல் யாரையாவது கூப்பிடுவோம். ஒரு நடைக்கு."

போய்த் திரும்புவதை நடை என்போம்.

"கூப்பிடும். நான் இறங்கிக்கிடுதேன்" என்றேன்.

ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த மனுஷன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. வயது அறுபத்துமூன்று. இந்த வயதில் இறங்கியவனுக்கு மறுபடி ஏற யார் பலகை போடுவார்கள்? வேறொருவன் ஒரு நடை சுகமாகப் போய் வந்துவிட்டால் முதலாளிக்கு அதுவே பழகிவிடும். அப்புறம் நான் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து போகிற வருகிற தோணிக்கெல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி நாலைந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். எவனையும் எனக்குப் பிடிக்காது.

அந்நேரம் பின்னால் இருந்து ஒரு இருமல். பெலவேந்திரன்.

பெலவேந்திரன் எங்கள் பண்டாரி. தோணியில் சமைக்கிறவனைப் பண்டாரி என்போம். இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு வைக்கிறவன். சோறு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். தண்ணீரில் நாலு பருப்பை நீந்தவிட்டுச் சாம்பார் என்பான். நாங்களும் நம்புவோம்.

"முதலாளி, எங்கிட்ட ஒண்ணு கெடக்கு" என்று மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

உள்ளே தண்டல் சான்றிதழ். அவன் படம் ஒட்டி, அவன் பெயர் போட்டு. இன்னும் மூன்று வருஷம் ஓடும்.

எப்படி என்று கேட்கிறீரா? நானும் அதைத்தான் கேட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தோணி கட்டிக் கிடந்த மாதத்தில், பயிற்சி நடக்கிற இடத்தில் சாப்பாடு போட ஆள் கேட்டார்களாம். இவன் போயிருக்கிறான். சட்டி கழுவின நேரம் போகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறான். வாத்தியார் ஒருநாள் சும்மா ஒரு கேள்வி கேட்க, மற்ற எல்லாரும் முழிக்க, இவன் சாம்பார் வாளியோடு எழுந்து பதில் சொல்லியிருக்கிறான். கடலில் இருபது வருஷம் என்று அவன் மாலுமிக் கைப்புத்தகத்தில் முத்திரை இருக்கிறது. தோணியில் பண்டாரியும் கயிறு இழுப்பான், சுக்கானிலும் நிற்பான். எழுது என்றார்களாம், எழுதிவிட்டான். பாஸாகிவிட்டான்.

"ஏம்ல எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே தண்டலே."

முதலாளிக்கு உடனே மூளை ஓடிற்று. என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "பட்டியல்ல அவன் தண்டல், நீரு பண்டாரி. கரை மறைஞ்சதும் நீரு சுக்கானுக்குப் போரும். அவன் அடுப்புக்குப் போகட்டும். சட்டத்துக்கு எட்டுப் பேர் வேணும், எட்டுப் பேர் இருக்கு. எவன் எங்க நிக்கான்னு கடல்ல வந்தா எண்ணப் போறாங்க?"

பண்டாரி என்று கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் அதற்குமுன் நான் வெந்நீர் வைத்ததில்லை.

கண்ணாடிக்காரி முத்திரையைக் குத்தினாள். குத்திவிட்டுச் சொன்னாள்: "ஒரு விஷயம். உங்க தோணியில எங்க ஆள் ஒருத்தர் வர்றார். மாலத்தீவு வரைக்கும்."

வந்தார். கருணைவேல் என்று பெயர். சென்னை ஆபீஸ். கையில் நோட்டு, கழுத்தில் இப்போதே ஒரு லைஃப் ஜாக்கெட். தோணிகளில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஓய்வு எடுக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். முதலாளி கரையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆக, மூன்று நாளும் அந்த மனுஷன் கண் முன்னால் நான் பண்டாரி, பெலவேந்திரன் தண்டல். வேறு வழி?

முதல் நாள் கரை மறைவதற்குள்ளேயே பெலவேந்திரன் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தான். சுக்கானில் நின்றுகொண்டு, "தண்டலே, ஒரு டீ கெடைக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். பழக்கதோஷம்.

கருணைவேல் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "சமையல்காரரையா தண்டல்னு கூப்பிடுறீங்க?"

"அது அவுக பேரு சார்" என்றான் டிரைவர் மீரான், இஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டி. "அவுகப்பா ஆசையா வச்சது."

எழுதிக்கொண்டார்.

அன்று மதியச் சோறு, அடி கரி, மேல் அரிசி, நடுவில் கொஞ்சம் சோறு. ஆறு பேரும் நடுவைத் தேடித் தின்றார்கள். மீரான் மட்டும், "மிச்சத்த இஞ்சின்ல போட்டுப் பாக்கட்டா? டீசல் மிச்சமாகும்" என்றான். அவன் வாய் அப்படித்தான். டிரைவர்களுக்கு நாக்கு நீளம், காது கிடையாது.

கருணைவேல் ஒன்றும் தின்னவில்லை. அவர் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பாவமாகப் போயிற்று. பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, சுக்கும் உப்பும் போட்டு ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தேன். வயிற்றில் நின்றது. ராத்திரி ஒன்று கேட்டார். விடிந்ததும் ஒன்று. "ஐயா, நீங்க இல்லைன்னா நான் போயிருப்பேன்" என்றார். ஆபீஸ்காரன் ஒருவன் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரெண்டாம் நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இது என்ன, எவனோ ஒரு பெலவேந்திரன் இருபத்திரண்டு வருஷம் செய்கிற வேலையை நான் செய்ய முடியாதா? பின்னால் விட்டிருந்த தூண்டிலில் நல்ல சூரை ஒன்று விழுந்திருந்தது. மல்லியும் மிளகும் வறுத்து அம்மியில் அரைத்தேன். புளி கம்மி. சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டு, மீன் வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு உடனே இறக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. சுக்கானில் நிற்கிறவனுக்கு எப்போது திருப்ப வேண்டும் என்று கை சொல்லும். அதே மாதிரி இறக்கு என்றது, இறக்கினேன்.

எல்லாரும் தட்டை நீட்டினார்கள். ரெண்டாம் தரம் சோறு வாங்கினார்கள். மூன்றாம் தரமும் வாங்கினார்கள். என்மேல் உள்ள பயம். முப்பத்தோரு வருஷப் பயம் லேசில் போகுமா? மீரான் சட்டியை வழித்தே தின்றான். அவனுக்குத்தான் பயம் ரொம்ப.

அப்புறம் இந்த ஓய்வு விவகாரம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் ஒவ்வொருவரும் படுத்தாக வேண்டும் என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தார். மதியம் ரெண்டு மணியானால் வந்துவிடுவார். "ஐயா, உங்க ஓய்வு நேரம்." தண்டலுக்கு ஏது மதியத் தூக்கம்? ஆனால் பண்டாரிக்கு உண்டாம். படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அலையை எண்ணிக்கொண்டிருந்தேன், தோணி எந்தப் பக்கம் போகிறது என்று. ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. என் குறட்டையில் இஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்று மீரான் சொன்னான். சொன்னேனே, காது கிடையாது.

மூன்றாம் நாள் காலை மாலத்தீவு. அங்கே பவளப்பாறை வளையத்துக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. தண்ணீர் ஆற்று வெள்ளம் மாதிரி குறுக்கே இழுக்கும். கொஞ்சம் பிசகினால் பாறை தோணியைத் தின்றுவிடும். முப்பத்தோரு வருஷமும் அந்த வாசலில் என் கைதான் சுக்கானில் இருந்தது. இப்போது பக்கத்தில் ஆபீஸ்காரர், சுக்கானில் சாம்பார்க்காரன். நான் அடுப்படியில்.

விடுவேனா? முந்தின நாளே பெலவேந்திரனிடம் சொல்லி வைத்திருந்தேன். "நான் சட்டி மூடியை ஒரு தட்டு தட்டினா இடது. ரெண்டு தட்டினா வலது. விடாமத் தட்டினா இஞ்சினைக் கொறை." தலையை ஆட்டினான்.

தட்டினேன். அடுப்படிச் சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். ஒன்று. ரெண்டு. ஒன்று. விடாமல். தட்டிக்கொண்டே இருந்ததில் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டேன், அது குப்பென்று பற்றிக்கொண்டது. தட்டிக்கொண்டிருந்த மூடியையே அதன்மேல் போட்டு அமுக்கி, கேஸை அடைத்து, ஈரச் சாக்கையும் போட்டு மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் தோணி வாசலைத் தாண்டி உள்ளே நிற்கிறது, குளத்தில் நிற்கிற மாதிரி.

என் தட்டுக்கு ஒரு தட்டுகூடப் பிசகாமல் பெலவேந்திரன் திருப்பியிருக்கிறான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

மீரான் அன்றைக்கே சொன்னான்: "தண்டலே, இஞ்சின் முழு வேகத்துல ஓடும்போது சுக்கான்ல நிக்கவனுக்கு நீங்க வெடி போட்டாக்கூடக் கேக்காதே." இதற்கு என்ன சொல்ல? பெலவேந்திரனைக் கேட்டேன். "கேட்டுச்சு தண்டலே, நல்லாக் கேட்டுச்சு" என்றான். கேட்டவனே சொல்லும்போது கேட்காதவன் பேச்சு எதற்கு?

கருணைவேல் இறங்கும்போது நோட்டை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்தத் தோணியில் பணியாளர் ஏற்பாடு சட்டப்படியே இருக்கிறது. தண்டல் தண்டல் வேலை பார்க்கிறார். சமையல்காரர் சமையல் வேலை பார்க்கிறார். போதிய ஓய்வு எடுக்கிறார்கள். உணவு மிக நன்று. இப்படி.

அவர் தலை மறைந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பு. மூன்று நாள் பக்கத்திலேயே இருந்துவிட்டு ஒன்றும் கண்டுபிடிக்காமல் போகிறாரே என்று. சட்டத்தை ஏமாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. என்ன, கொஞ்சம் உழைக்க வேண்டும்.

அவர் விமானத்தில் போய்விட்டார். திரும்புகிற ஓட்டத்தில் நான் சுக்கானைப் பிடித்தேன். பெலவேந்திரன் அடுப்புக்குப் போனான். எல்லாம் அதனதன் இடத்தில். மதியம் சாம்பார் வந்தது. நாலு பருப்பு. எண்ணினேன்.

சாப்பிட்டு எழுந்ததும் ஆறு பேரும் கூட்டமாக வந்து நின்றார்கள். மீரான்தான் பேசினான்.

"தண்டலே, இந்த வயசுல மூணு நாளு நின்னுக்கிட்டே இருந்தா உங்க முட்டிக்கு என்னத்துக்கு ஆகும்?"

"என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"இப்ப இல்ல. வந்துட்டா? எங்களுக்கு மனசு கேக்கல."

பத்து வருஷமாக என் முட்டியை விசாரிக்காத பயல்கள். அன்றைக்கு ஆறு பேருக்கும் ஒரே கவலை. ஒருவனுக்குக் கண்ணே கலங்கியிருந்தது. மனசு இளகிவிட்டது எனக்கு. சரி, இவர்கள் நிம்மதிக்காக என்று சுக்கானைப் பெலவேந்திரனிடம் கொடுத்துவிட்டு வந்து அடுப்பைப் பார்த்தேன்.

நவம்பரில் பயிற்சிக்குப் போனேன். பிலோமியே என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து வாசல்வரை வந்து விட்டாள், நான் வழியில் திரும்பிவிடுவேன் என்று. கண் பரிசோதனையில் கடைசி வரியின் கீழே அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் வாசித்துக் காட்டினேன். வாய்மொழித் தேர்வில் மூன்று பேர். விளக்குகளைப் பற்றிக் கேட்டார்கள், எதிரே வருகிற கப்பலுக்கு எப்படி வழிவிடுவது என்று கேட்டார்கள். சொன்னேன். அப்புறம் ஒருவர், அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றார்.

"தண்ணி ஊத்துனா தோணி போயிரும். மூடியைப் போட்டு மூடு. கேஸை அடை. மேல ஈரச் சாக்கு."

"எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

"நானே பத்த வச்சேன்" என்றேன்.

பாஸ். அன்று வந்த பதினான்கு பேரில் எனக்குத்தான் முதல் மார்க்கு. இந்தா, பையிலேயே இருக்கிறது. கை ஈரம், நீரே எடுத்துப் பாரும். ஐந்து வருஷம். அறுபத்தெட்டு வயதுவரை என்னை எவனும் இறக்க முடியாது.

அந்த வாரமே மறுபடி பட்டியல் கொடுக்கப் போனோம். முதலாளி, நான், பெலவேந்திரன், மீரான், மிச்ச ஐந்து பேர். அதே கண்ணாடிக்காரி. என் புதுச் சான்றிதழைப் பார்த்து இந்தத் தடவை சிரித்தாள்.

"இப்ப உங்க தோணிக்கு ரெண்டு தண்டல் ஐயா. சட்டத்துக்கு ஒருத்தர் போதும். யார் பேரைப் போட?"

"இதென்ன கேள்வி?" என்றார் முதலாளி. "தஸ்நேவிஸ் பேருதான்."

"தண்டல் பேருதாம்மா" என்றான் பெலவேந்திரனும். "நான் எப்பவும் போல அடுப்பப் பாத்துக்கிடுதேன்."

மனசோடுதான் சொன்னான். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பட்டியலை என் பக்கம் தள்ளிப் பேனாவையும் எடுத்துக் கொடுத்தான்.

வருத்தமெல்லாம் பின்னால் நின்றவர்களுக்கு. திரும்பிப் பார்த்தேன். மீரானும் மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவு வீட்டில்கூட அப்படி முகங்களை நான் பார்த்ததில்லை.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டல் என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே பேனா போயிற்று. இதற்குத்தானே இத்தனை பாடு. இதற்குத்தானே அந்தக் கடைசி வரியை வாசித்தேன். ஆனால் எனக்கு ஒரு யோசனை. அன்று காலையில்தான் பிலோமி இருபது நாளுக்கு மல்லியும் மிளகும் வறுத்துத் திரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் இந்தப் பயல் கையில் கொடுத்தால் பருப்புத் தண்ணீரில் கொட்டிவிடுவானே. அதுவும் போக, எட்டுப் பேர் வயிறு. சுக்கானில் தப்பு நடந்தால் ஒருநாள் கஷ்டம். அடுப்பில் தப்பு நடந்தால் மூன்று வேளையும் கஷ்டம்.

"எழுதும்மா" என்றேன். "தண்டல், பெலவேந்திரன். பண்டாரி, தஸ்நேவிஸ்."

"ஐயா, நிசமாவா? சான்றிதழ் வாங்கிட்டு?"

"ஒரு நடைக்குத்தான். முத்திரையைக் குத்து."

மீரான் என் தோளைப் பிடித்து முத்தம் கொடுக்க வந்தான். தள்ளிவிட்டேன்.

இது ஏழாவது நடை. அடுத்த நடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். பெலவேந்திரனும் சரி என்றுதான் சொல்கிறான். அவன் நன்றாகத்தான் ஓட்டுகிறான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உம்மிடம் சொல்கிறேன், இந்தத் தோணிக்குத் தண்டல் இன்றைக்கும் நான்தான். எப்படி என்கிறீரா? மதியம் பன்னிரண்டரை ஆனால் சுக்கானிலிருந்து எட்டிப் பார்ப்பான். "தண்டலே, சோறு ஆச்சா?" என்பான். ஆகியிருந்தாலும், "பொறுல" என்பேன். பொறுப்பான்.

தோணியில் தண்டலையே பொறு என்று சொல்லக்கூடியவன் யார், நீரே சொல்லும்.